மாதாமாதம் தானாக விழும் வங்கிப் பதிவுகள்: புத்தகமும் ஸ்டேட்மென்ட்டும் ஏன் ஒத்துப்போகவில்லை?

நாளேடு (கேள்வி)

வணக்கம். ஒரு சிறு நிறுவனத்தின் கணக்கு. மாதாமாதம் ஒரே தொகையில் வரும் வரவு, செலவு எல்லாவற்றுக்கும் மென்பொருளில் ரெக்கரிங் டெம்ப்ளேட் போட்டு, தேதி வந்ததும் தானாகப் பதிவாகும்படி வைத்திருக்கிறேன். மூன்று மாதம் ஓடிவிட்டது. இப்போது போட்டிருப்பவை:

வாடகை 25,000, ஒன்றாம் தேதி.
கடன் தவணை 13,347, ஐந்தாம் தேதி. கடன் 6,00,000, ஆண்டு வட்டி 12%, 60 தவணை. முழுத் தொகையும் கடன் லெட்ஜரில் டெபிட் ஆகிறது.
காப்பீட்டுத் தவணை 4,850, பத்தாம் தேதி.
மென்பொருள் சந்தா 1,400, பதினைந்தாம் தேதி.
இரண்டு பராமரிப்பு ஒப்பந்த வாடிக்கையாளர்களிடமிருந்து தலா 9,000 வரவு, மாதக் கடைசி நாள். இதை வங்கி வரவாக நேரே வருமான லெட்ஜருக்கு விட்டிருக்கிறேன். அவர்களுக்கு மாத இன்வாய்ஸும் தனியாகப் போகிறது.

மூன்றாவது மாதம்தான் பேங்க் ஃபீட் (வங்கி ஸ்டேட்மென்ட் வரிகளைத் தானாக மென்பொருளுக்குக் கொண்டுவரும் இணைப்பு) இணைத்தேன். வாடகை, காப்பீடு, சந்தா மூன்றுக்கும் பேங்க் ரூல் (இன்ன வரி வந்தால் இன்ன லெட்ஜரில் பதி என்று சொல்லும் விதி) எழுதி, தானாகச் சேர்க்கும்படி டிக் செய்தேன். சிக்கல்கள் இவை:

1. மூன்றாவது மாத முடிவில் புத்தக இருப்பு ஸ்டேட்மென்ட்டை விட 31,250 குறைவு. முதல் இரண்டு மாதம் ஒரு பைசா வித்தியாசம் இல்லை.
2. வாடிக்கையாளர் இருவரும் பணம் கட்டிவிட்டார்கள். அவுட்ஸ்டாண்டிங் (வர வேண்டிய பாக்கி) பட்டியலில் இன்னும் தலா 27,000 நிற்கிறது.
3. கடன் கொடுத்தவரின் ஸ்டேட்மென்ட்டில் மீதி 5,77,737.86. என் லெட்ஜரில் 5,59,959.

ரெக்கரிங் வசதியையே நிறுத்திவிட்டுக் கையால் போடுவதா, இல்லை இதைச் சரியாக அமைக்க வழி இருக்கிறதா?

---

பேரேடு

நிறுத்த வேண்டாம். மூன்றும் வேறு வேறு கோளாறு, மூன்றுக்கும் மருந்து உண்டு. முதலாவதை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

31,250-ஐப் பிரித்துப் பாருங்கள். 25,000 + 4,850 + 1,400. நீங்கள் ரூல் எழுதிய அதே மூன்று. வாடகையை டெம்ப்ளேட் ஒருமுறை போட்டது. ஃபீடில் வந்த வரியை ரூல் பிடித்து இன்னொரு முறை போட்டது. கடன் தவணைக்கு ரூல் இல்லாததால் அந்த வரி சும்மா காத்திருந்து, ஏற்கெனவே இருக்கும் பதிவோடு மேட்ச் ஆகிவிட்டது. அதனால்தான் அங்கே இரட்டிப்பு இல்லை. தானாகச் சேர்க்கும் ரூல் இருந்தால் சில மென்பொருளில் ஃபீட் வரி மேட்சுக்குக் காத்திராமலே பதிவாகிவிடும். தொகையும் தேதியும் அச்சுப்பிசகாமல் ஒத்தாலும் அதைத் தடுக்க முடியாது.

சரிசெய்யும் வரிசை:

முதலில் பேக்கப். அடுத்து அந்த மூன்று ரூல்களையும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் அழிக்க அழிக்க அடுத்த ஃபீடில் மறுபடி வரும். பிறகு வங்கி லெட்ஜரைத் திறந்து, மூன்றாவது மாதத்துக்கு மட்டும் தேதி வைத்து, தொகை வாரியாக வரிசைப்படுத்துங்கள். 25,000 இரண்டு வரி அடுத்தடுத்து நிற்கும். ஒன்றில் டெம்ப்ளேட் பெயரோ ரெஃபரன்ஸோ இருக்கும். மற்றதில் வங்கி அனுப்பிய நீண்ட விவரம் இருக்கும்.

எதை வைப்பது, எதை எடுப்பது என்பதில்தான் பலர் வழுக்குவார்கள். ஸ்டேட்மென்ட் வரியோடு இணைந்திருப்பது ரூல் போட்ட பதிவு. சரியான லெட்ஜர், வரிக் குறியீடு, துறை எல்லாம் இருப்பது டெம்ப்ளேட் போட்ட பதிவு. ரூல் பதிவின் மேட்சை முதலில் அவிழ்த்துவிட்டால், அந்த வரி மறுபடி ஃபீடின் காத்திருப்புப் பட்டியலுக்கு வரும். ரூல் போட்ட வவுச்சர் (பதிவு) அதோடு போகாமல் புத்தகத்திலேயே தங்கிவிட்டால் அதை அழியுங்கள். கடைசியாக, ஃபீட் வரியை டெம்ப்ளேட் பதிவோடு மேட்ச் செய்யுங்கள். மேட்சை அவிழ்க்காமல் நேரே அழித்தால் சில மென்பொருளில் ஃபீட் வரி 'முடிந்தது' என்ற நிலையிலேயே மாட்டிக்கொள்ளும். அப்புறம் அந்த வாடகை எப்போதும் ரீகன்சைல் ஆகாத (ஸ்டேட்மென்ட்டோடு ஒத்துப்போகாத) வரியாக நிற்கும்.

அந்த மாதத்துக்கு வரித் தாக்கல் முடிந்திருந்தாலோ, கணக்குக் காலம் பூட்டப்பட்டிருந்தாலோ அழிக்கவே கூடாது. நடப்பு மாதத் தேதியில் எதிர்ப்பதிவு போட்டு, 'இன்ன வவுச்சர் இரட்டிப்பு, ரத்து' என்று விவரத்தில் எழுதுங்கள். ரீகன்சிலியேஷனில் தப்பான பதிவையும் எதிர்ப்பதிவையும் சேர்த்து டிக் செய்தால் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்.

வித்தியாசத் தொகையே துப்பு சொல்லும் என்பதற்கு இன்னும் இரண்டு. வித்தியாசம் ஒரு பதிவின் சரியாக இரு மடங்கு என்றால் வரவு செலவாக மாறியிருக்கிறது: 9,000 வரவைச் செலவாகப் போட்டால் 18,000 இடிக்கும். வித்தியாசம் 9-ஆல் மீதியின்றி வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம்: 4,850-ஐ 4,580 என்று அடித்தால் 270. டெம்ப்ளேட்டில் இந்தத் தவறு ஒருமுறை நுழைந்தால் மாதம் தவறாமல் நுழையும் என்பதால், புது டெம்ப்ளேட்டின் முதல் பதிவை மட்டுமாவது ஸ்டேட்மென்ட்டோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள்.

இனிமேலுக்கு: ஒரு செலவுக்கு ஒரே வழிதான். தொகையும் தேதியும் முன்கூட்டியே தெரிந்தது, கையிருப்புக் கணிப்பில் வர வேண்டியது என்றால் டெம்ப்ளேட். ஃபீட் அதை மேட்ச் மட்டும் செய்யட்டும். வங்கிக் கட்டணம், தொலைபேசி, மின்சாரம் மாதிரி தொகை மாறுவது என்றால் ரூல், டெம்ப்ளேட் வேண்டாம். வாடகைக்கு ரூலும் வேண்டும் என்றால் 'தானாகச் சேர்' என்பதை அணைத்து, பரிந்துரையாக மட்டும் வையுங்கள்.

உங்களிடம் இன்னும் இல்லை என்றாலும் ஒன்று சொல்லிவைக்கிறேன். இரண்டு சொந்த வங்கிக் கணக்குகளுக்கிடையே மாதாந்திர மாற்றம் போட்டு, இரண்டுக்கும் ஃபீட் இணைத்தால், ஒரே மாற்றம் இரு பக்கமும் ஒவ்வொரு வரியாக வரும். ஒரு பக்கம் மேட்ச் செய்துவிட்டு மறுபக்கம் 'புதிது' என்று சேர்த்தால் இதே இரட்டிப்புதான். இரண்டு வரியும் ஒரே மாற்றப் பதிவோடு மேட்ச் ஆக வேண்டும்.

---

வரவுசெலவு

வரவு விஷயம் என்னுடையது. இதை உடனே கவனியுங்கள், ஏனென்றால் 31,250 போல இது கண்ணில் குத்தாது. வங்கி ஒத்துப்போகும், லாபம் மட்டும் பொய்யாக இருக்கும்.

இன்வாய்ஸ் போடும்போதே வருமானம் கிரெடிட், வாடிக்கையாளர் டெபிட். மாதக் கடைசியில் உங்கள் டெம்ப்ளேட் வங்கி டெபிட், மறுபடி வருமானம் கிரெடிட். வாடிக்கையாளர் லெட்ஜரை யாருமே தொடவில்லை. இரண்டு பேர், மூன்று மாதம், தலா 9,000: வருமானம் 54,000 கூடுதல், வர வேண்டிய பாக்கியும் 54,000 கூடுதல். டெம்ப்ளேட்டில் வரிக் குறியீடும் இருந்தால் அந்த 54,000-க்குள் இருக்கும் வரியை நீங்கள் இரண்டு முறை கட்டுவீர்கள். அதை முதலில் பாருங்கள்.

திருத்தம்: அந்த ஆறு வரவுப் பதிவையும் திறந்து, எதிர் லெட்ஜரை வருமானத்திலிருந்து வாடிக்கையாளருக்கு மாற்றுங்கள், வரிக் குறியீட்டை எடுத்துவிடுங்கள். சில மென்பொருள் வங்கி வரவை வாடிக்கையாளர் ரசீதாக மாற்ற விடாது. அப்போது ரசீதைப் புதிதாகப் போட்டு, பழையதை எடுத்து, ஃபீடை மறுபடி மேட்ச் செய்யத்தான் வேண்டும். அதன் பிறகு ஒவ்வொரு ரசீதையும் அதனதன் இன்வாய்ஸுக்கு எதிராக ஒதுக்கீடு செய்யுங்கள். ஒதுக்காமல் விட்டால் மொத்த பாக்கி சரியாக இருக்கும்; ஆனால் வயதுவாரிப் பட்டியலில் (எந்தப் பாக்கி எவ்வளவு பழையது என்று காட்டுவது) மூன்று மாதப் பழைய இன்வாய்ஸ் ஒரு பக்கம், ஒட்டாத ரசீது மறுபக்கம் என்று தொங்கும். நினைவூட்டல் கடிதம் தானாகப் போகும் வசதி வைத்திருந்தால், பணம் கட்டியவருக்கே கடிதம் போகும்.

இனிமேல் அமைக்கும் விதம்: ரெக்கரிங் ஆக வேண்டியது இன்வாய்ஸ், ரசீது இல்லை. இன்வாய்ஸ் டெம்ப்ளேட் மாதத் தொடக்கத்தில் தானாகப் போகட்டும். பணம் ஃபீடில் வரும்போது திறந்திருக்கும் இன்வாய்ஸோடு மேட்ச் செய்யுங்கள். ரசீது அங்கேயே உருவாகிவிடும். குவிக்புக்ஸ் ஆன்லைனில் வாடிக்கையாளர் கட்டிய பணத்துக்கும் சப்ளையர் பில் பேமென்ட்டுக்கும் ரெக்கரிங் டெம்ப்ளேட் போடவே முடியாது. சேஜ் 50-இல் வாடிக்கையாளர் 'ஆன் அக்கவுண்ட்' வரவை ரெக்கரிங்காக வைக்கலாம்; ஆனால் அது எந்த இன்வாய்ஸுக்கு என்று நீங்கள்தான் பிறகு ஒதுக்க வேண்டும்.

இன்வாய்ஸே போடாத வரவு, உதாரணமாக நிலையான வைப்புத் தொகைக்கு மாதாமாதம் வரும் வட்டி, அதற்கு மட்டும் வங்கி வரவு டெம்ப்ளேட் நேரே வருமானத்துக்குப் போகலாம்.

பேரேடு சொன்னதில் ஒரு சின்ன மாற்றுக் கருத்து. செலவை முன்கூட்டியே பதிவது பரவாயில்லை. வரவை அப்படிச் செய்யக் கூடாது. வராத பணத்தை வங்கிப் புத்தகத்தில் ஏற்றிவிட்டு, அந்த இருப்பைப் பார்த்துக் காசோலை எழுதினால் திரும்பி வரும். வரவு டெம்ப்ளேட் எதுவானாலும் தானாகப் பதிவதாக வைக்காமல், நினைவூட்டலாக வையுங்கள்.

---

ஐந்தொகை

கடன் லெட்ஜர் எளிது. 5,77,737.86-இலிருந்து 5,59,959-ஐக் கழித்தால் 17,778.86. மூன்று மாத வட்டி அது. தவணை முழுவதையும் அசலாகக் கழித்திருக்கிறீர்கள்.

முதல் மாதம் 6,00,000-க்கு 1% வட்டி 6,000, அசல் 7,347, மீதி 5,92,653.
இரண்டாம் மாதம் வட்டி 5,926.53, அசல் 7,420.47, மீதி 5,85,232.53.
மூன்றாம் மாதம் வட்டி 5,852.33, அசல் 7,494.67, மீதி 5,77,737.86.

தவணைத் தொகை மாறாது. உள்ளே இருக்கும் பங்கு மாதாமாதம் மாறும். அதனால் '6,000 வட்டி, 7,347 அசல்' என்று இரண்டு வரி போட்ட டெம்ப்ளேட்டும் முதல் மாதத்துக்கு மட்டுமே சரி. இப்படி நிலையாகப் பிரித்துவிட்டு 60 மாதம் ஓடவிட்டால் வட்டிச் செலவு ஒன்றரை லட்சத்துக்கு மேல் கூடுதலாக ஏறியிருக்கும், கடன் அதே அளவு மீதம் நிற்கும்.

நான் பரிந்துரைப்பது: வங்கி டெம்ப்ளேட்டை இப்போது இருக்கிறபடியே விடுங்கள், 13,347 முழுவதும் கடன் லெட்ஜருக்கு டெபிட். அதோடு மாதம் ஒரு ஜர்னல் (வங்கியைத் தொடாமல் லெட்ஜருக்கு லெட்ஜர் போடும் பதிவு): வட்டிச் செலவு டெபிட், கடன் லெட்ஜர் கிரெடிட். தொகையைக் கடன் கொடுத்தவரின் தவணை அட்டவணையிலிருந்து எடுங்கள். இப்படிச் செய்தால் உங்கள் கடன் லெட்ஜர் அவர்களுடைய ஸ்டேட்மென்ட்டின் கண்ணாடியாக இருக்கும். வட்டி ஏறுவதும் தவணை இறங்குவதும் வரிக்கு வரி தெரியும். வங்கிப் பக்கம் ஒரே தொகை என்பதால் ஃபீட் மேட்ச் ஆவதிலும் தொல்லை இல்லை. ஜர்னலை டெம்ப்ளேட்டாக வைத்து, நினைவூட்டல் வகையில் போட்டு, மாதம் ஒருமுறை தொகையை மட்டும் மாற்றிப் பதியுங்கள்.

இப்போதைக்கு மூன்று ஜர்னல், மேலே உள்ள மூன்று வட்டித் தொகைக்கு, அந்தந்த மாதத் தேதியில். லெட்ஜர் 5,77,737.86-க்கு வந்துவிடும்.

எண்ணிக்கையை மறக்காதீர்கள். டெம்ப்ளேட்டில் மொத்தப் பதிவு 60 என்று வரம்பு வைத்து, ஏற்கெனவே விழுந்த மூன்றைக் கழித்து மீதி 57 என்று காட்டுகிறதா பாருங்கள். வரம்பு வைக்காத டெம்ப்ளேட் 61-ஆவது தவணையையும் போடும். கடைசித் தவணை 13,347 ஆக இருக்காது, பைசா முழுமையாக்கலால் சில பத்து குறையும். அதை மட்டும் கையால் பதிவது நல்லது. வட்டி விகிதம் மாறக்கூடிய கடன் என்றால் விகிதம் மாறிய நாளில் அட்டவணையைப் புதிதாக வாங்கிவிடுங்கள்.

---

நாளேடு

மிக்க நன்றி. மூன்றும் நேராகிவிட்டன, வங்கி பூஜ்ய வித்தியாசம். வரவு டெம்ப்ளேட்டில் வரிக் குறியீடு இருந்தது, நல்லவேளை அந்தக் காலத்துக்கு இன்னும் தாக்கல் செய்யவில்லை.

இன்னும் இரண்டு கேள்வி. இன்வாய்ஸ் டெம்ப்ளேட்டை 31-ஆம் தேதி என்று வைத்தால் 30 நாள் மாதத்திலும் பிப்ரவரியிலும் என்ன ஆகும்? வாடகை வரும் மாதத்திலிருந்து 27,500 ஆகிறது. டெம்ப்ளேட்டைத் திருத்துவதா, புதிது போடுவதா?

---

பேரேடு

31 என்று தேதி குறிக்காமல் 'மாதத்தின் கடைசி நாள்' என்ற தேர்வு இருந்தால் அதைப் போடுங்கள். குவிக்புக்ஸ் ஆன்லைனில் இருக்கிறது. அந்தத் தேர்வு இல்லாத மென்பொருள் சில, முந்தைய பதிவின் தேதியோடு ஒரு மாதம் கூட்டிக்கொண்டே போகும். ஜனவரி 31, பிப்ரவரி 28, அப்புறம் மார்ச் 28, ஏப்ரல் 28 என்று நழுவிவிடும். திரும்ப 31-க்கு வராது. உங்கள் மென்பொருள் எப்படி என்று தெரிந்துகொள்ள, தொடக்கத் தேதி ஜனவரி 31 என்று ஒரு சோதனை டெம்ப்ளேட் போட்டு அடுத்த தேதிகளைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் 28 அல்லது அதற்கு முன் தேதி வைத்துவிடுங்கள், எந்த மாதத்திலும் தடுமாறாது.

'மாதம்' என்பதையும் 'நான்கு வாரம்' என்பதையும் குழப்பாதீர்கள். நான்கு வாரத்துக்கு ஒருமுறை என்றால் ஆண்டுக்கு 13 முறை. மாதத் தவணையை அப்படி அமைத்தால் ஆண்டு முடிவில் ஒரு பதிவு கூடுதலாக இருக்கும். எங்கிருந்து வந்தது என்று தேடிக் களைத்துப்போவீர்கள்.

தேதி விடுமுறை நாளில் விழுந்தால் வங்கி பெரும்பாலும் அடுத்த வேலை நாளில்தான் பணத்தை நகர்த்தும். புத்தகத்தில் 31, ஸ்டேட்மென்ட்டில் 2 என்று வந்தால் புத்தகத் தேதியை மாற்ற வேண்டாம். மாத முடிவு ரீகன்சிலியேஷனில் அது 'இன்னும் வங்கியில் வராத பதிவு' என்று தெரியட்டும், அடுத்த மாதம் டிக் விழும். ஃபீட் மேட்ச் தேடும் நாள் இடைவெளியை மட்டும் இதற்கு இடம் கொடுக்கும்படி வையுங்கள்.

வாடகைக்குப் புதிது போடுங்கள். பழைய டெம்ப்ளேட்டுக்கு இந்த மாதக் கடைசியை முடிவுத் தேதியாக வைத்து மூடிவிட்டு, அடுத்த ஒன்றாம் தேதியிலிருந்து 27,500-க்கு இன்னொன்று. பழையதையே திருத்தினால் எந்த மாதம் எந்தத் தொகை என்று டெம்ப்ளேட் பட்டியலில் தடம் இருக்காது. அதோடு, இடையில் ஏதாவது மாதம் பதியாமல் விட்டுப்போயிருந்தால் அந்தப் பழைய மாதமும் 27,500-இல் விழுந்துவிடும்.

விட்டுப்போன மாதம் என்றதும்: சில வாரம் மென்பொருளைத் திறக்காமல் இருந்து, பிறகு ரெக்கரிங்கை இயக்கினால், விட்டுப்போன எல்லாத் தேதிக்கும் மொத்தமாகப் பதிவு வரும். பூட்டிய மாதத்துத் தேதியும் அதில் இருக்கலாம். பதியும் முன் காட்டும் பட்டியலை ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். ஒரு வாடகை மாதம் கட்டவே போவதில்லை என்று தெரிந்தால் டெம்ப்ளேட்டை அழிக்காமல் இடைநிறுத்தம் செய்யுங்கள். சேஜ் 50-இல் அதற்கென்றே பதிவை நிறுத்திவைக்கும் டிக் பெட்டி இருக்கிறது. டேலியில் வரும் தேதிகளுக்கு வவுச்சரைப் போட்டு வைக்க நினைத்தால் Ctrl+T அழுத்திப் பின்தேதி (போஸ்ட்-டேட்டட்) வவுச்சராகப் பதியுங்கள். அந்தத் தேதி வரும்வரை அது இருப்பைத் தொடாது.

---

வரவுசெலவு

ஒன்று விட்டுப்போனது. இருப்புப் போதாமல் ஒரு தவணை திரும்பினால் என்ன செய்வது என்பது.

ஸ்டேட்மென்ட்டில் இரண்டு விதமாக வரும். பணம் போய், பிறகு திரும்பி வந்திருந்தால் இரண்டு வரி இருக்கும். அப்போது டெம்ப்ளேட் போட்ட பதிவை அப்படியே விட்டு, திரும்பியதை எதிர் வரவாக, அதே லெட்ஜருக்குப் பதியுங்கள். இரண்டும் ஃபீடோடு தனித்தனியே மேட்ச் ஆகும். ஸ்டேட்மென்ட்டில் ஒரு வரியுமே இல்லை என்றால் பணம் நகரவே இல்லை. அந்த மாதப் பதிவை ரத்து செய்யுங்கள். அபராதக் கட்டணம் தனி வரியாக வரும், அது வங்கிக் கட்டண லெட்ஜருக்கு. மறுமுறை அதே தவணை எடுக்கப்படும்போது டெம்ப்ளேட் அதைப் பதியாது, அதற்கு அடுத்த மாதத் தேதிதான் தெரியும். கையால் ஒரு பதிவு போடுங்கள், எண்ணிக்கையில் அது கணக்கில் வருகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு டெம்ப்ளேட்டின் ரெஃபரன்ஸிலும் 'மீ-வாடகை', 'மீ-கடன்' என்பது மாதிரி ஒரே முன்னெழுத்து வைத்துவிட்டால், மாத முடிவில் 'மீ-' என்று தேடி, ஸ்டேட்மென்ட்டோடு டிக் ஆகாமல் நிற்பவற்றை மட்டும் இரண்டு நிமிடத்தில் பிரித்தெடுத்துவிடலாம்.